மசக்கைக்கு வாங்கிய நூறு அப்பளம்

தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் பழக்கம் இருபத்தாறு வயது வரை எனக்குக் கிடையாது. (அதற்குப் பிறகு வந்துவிட்டதாகவும் வீட்டில் யாரும் நம்பவில்லை.) அப்போது மலாயாவில், ஜோகூர் மாசாய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீஸில் நான் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. துரை சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவதுதான் வேலையில் பாதி. ஆனால் உலகமே என் சட்டைப்பைக்குள் இருப்பதாக ஒரு நினைப்பு.

என் மனைவி கமலம் தாயில்லாப் பெண். கல்யாணத்துக்கு முன் பக்கத்துத் தோட்டத்தில், ஜெர்மன் துரை வீட்டுக் குழந்தைக்கு ஆயாவாக இருந்தவள். பதினாலாம் வருஷம் இங்கிலீஷ்காரனுக்கும் ஜெர்மன்காரனுக்கும் பெரிய சண்டை வந்ததும் அந்தக் குடும்பம் போக வேண்டியதாயிற்று. புறப்படும்போது குழந்தை இவள் முந்தானையை விடவே இல்லையாம். அதைச் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

மசக்கை வந்தபோது அவளுக்குச் சோற்று வாசனையே ஆகவில்லை. கஞ்சிகூட வயிற்றில் தங்கவில்லை. மூன்றே வாரத்தில் கை வளையல் முழங்கை வரை ஏறியது. அம்மா பயந்துபோனாள்.

"டேய், அவளுக்கு என்னதான் வேணும்னு கேளுடா."

கேட்டேன்.

"கிடைக்காததைச் சொல்லி என்னங்க?" என்றாள் கமலம். "ஞாயித்துக்கிழமை காலையில துரைசாணியும் பாப்பாவும் நானும் சேர்ந்து அப்ஃபெல் சுடுவோம். அதுல ஒரு துண்டு இருந்தா சாப்பிடுவேன்."

என் காதில் அப்பளம் என்று விழுந்தது. வெள்ளைக்காரர்கள் காலையில் அப்பளமா தின்பார்கள் என்று ஒரு கணம் தோன்றியது. ருசி தெரிந்தவர்கள் என்று முடிவு செய்துகொண்டேன்.

"இவ்வளவுதானா? நாளைக்கே வாங்கிட்டு வர்றேன்."

"நெசமாவா? இங்க கிடைக்குங்களா?"

"கிராணிக்குக் கிடைக்காதது என்ன இருக்கு?"

மூன்று வாரத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் தலைவாரிப் பூ வைத்தாள்.

மறுநாள் லீவு போட்டு, சம்பான் படகு ஏறி ஜோகூர் பாரு போனேன். கஞ்சத்தனம் வேண்டாமென்று நூறு அப்பளம் வாங்கினேன். திரும்பி வந்தால், அடுப்படியில் நாலு முட்டை, பால், மாவு, பட்டைத்தூள் எல்லாம் தயார். (முட்டையைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.) கமலம் ஓடிவந்து பொட்டலத்தைப் பிரித்தாள்.

"அலமாக்! என்னங்க இது?"

"நீ கேட்ட அப்பளம். நூறு!"

சிரித்தாள். சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சிரிப்பு எங்கே அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை.

"அப்ஃபெல்னா அவுங்க பாஷையில ஆப்பிள்ங்க."

"புரியலைன்னா கேக்கிறதுதானேடா? வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றாள் அம்மா.

அடுத்த ஞாயிறு விடிவதற்குள் கிளம்பி, கடல் தாண்டி, ரயில் பிடித்துச் சிங்கப்பூரில் மூன்று ஆப்பிள் வாங்கி வந்தேன். சாயங்காலமே மூவரும் உட்கார்ந்தோம். கமலம் தோல் சீவி மெல்லிசாக நறுக்கினாள். மூக்கைச் சுளித்துக்கொண்டே அம்மா முட்டையடித்தாள். பாலும் மாவும் கரைத்து, ஆப்பிள் துண்டுகளை அடுக்கி, சர்க்கரையும் பட்டைத்தூளும் தூவி, சட்டியை மூடி, கீழேயும் மூடிமேலேயும் தணல் போட்டோம்.

"நடுவுல தொறக்காதீங்க. உப்பினது அமுங்கிடும்," என்றாள் கமலம்.

திறந்தேன். உப்பி நின்றது பொசுக்கென்று அமுங்கியது. மூடியிலிருந்த சாம்பலும் சரிந்து உள்ளே விழுந்தது.

அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. கமலம் சாம்பலை ஒதுக்கி ஒரு துண்டு எடுத்துத் தின்றாள். இன்னொன்றும் கேட்டாள். இரண்டும் வயிற்றில் தங்கின.

"பாப்பாவும் இப்படித்தான், பொறுக்காம எட்டி எட்டிப் பாக்கும்," என்றாள். சட்டியை வழித்துக்கொண்டே, "இப்ப எட்டு வயசு இருக்கும்ல?" என்று கேட்டாள்.

அன்று வயிற்றில் இருந்தவளுக்கே இப்போது பேரப்பிள்ளைகள். வீட்டுக்கு யார் வந்தாலும் கமலம் இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டாள். சொல்லச் சொல்ல அப்பளம் பெருகும். நூறு இருநூறாகி, மூட்டையாகி, கடைசியாக அவள் சொன்னபோது ஒரு மாட்டுவண்டி நிறைய வந்து இறங்கியது. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

அவள் போனபிறகு பிள்ளைகள் சொல்கிறார்கள். நன்றாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் எப்போதும் அதே ஒரு வண்டிதான். அதற்குமேல் ஒரு அப்பளம்கூடக் கூடவில்லை.