குலசேகரத்து அலையன்ஸ்

குடித்துக் கெட்டவர்கள் உண்டு. சீட்டாடிக் கெட்டவர்கள் உண்டு. எங்கள் கடப்புறத்தில் கோதுமை பயிரிட்டுக் கெடப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

(கோதுமையை நான் மாவாகத்தான் பார்த்திருக்கிறேன். அதன் செடி எப்படி இருக்கும் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லத் தெரியாது.)

மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு வலைக்கடை. நூல், கயிறு, மிதவை, தூண்டில் முள் கிடைக்கும். படிப்பு, பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதினேன் என்ற அளவுக்கு உண்டு. என் மனைவி செலினின் தம்பி ஜெரோம் சவுதியில் தம்மாமில் வேலை பார்த்தான். அவன் முகத்தைப் பார்த்துப் பேசுவதற்காகத்தான் வீட்டுக்குக் கம்ப்யூட்டரும் நெட்டும் வந்தன. இரண்டு வாரம் முகத்தைப் பார்த்தோம். அதற்குப் பிறகு எங்களுக்கும் சொல்ல ஒன்றும் இல்லை, அவனுக்கும் இல்லை. அப்போதுதான் அவன் எனக்கு அந்த விளையாட்டைக் காட்டித் தந்தான்.

"சுடவும் வேண்டாம், ஓடவும் வேண்டாம் அத்தான். பொறும மட்டும் போதும்" என்றான்.

பொறுமைக்கு என்ன, தினமும் செபமாலை சொல்லுகிற குடும்பம். சேர்ந்துகொண்டேன்.

நெட்டைத் திறந்தால் நமக்கென்று ஒரு சின்ன ஊர் இருக்கும். காடு, களிமண் குழி, இரும்புச் சுரங்கம், கோதுமை வயல். ஒரு குழியை ஆழப்படுத்த ஆணையிட்டால் அது மறுநாள்தான் முடியும். படை ஒன்றை அனுப்பினால் அது நடந்தேதான் போகும். திங்கட்கிழமை கிளம்பிய வீரர்கள் செவ்வாய்க்கிழமை நான் கடை திறக்கும்போதும் நடந்துகொண்டிருப்பார்கள். பஞ்சாயத்தில் சாக்கடைக்கு மனுக் கொடுத்துப் பழகியவன் என்பதால் எனக்கு இதில் ஒரு விறுவிறுப்பே தெரிந்தது. ஊருக்குச் சவேரியார்பட்டணம் என்று பெயர் வைத்தேன். பக்கத்திலேயே இன்னொரு ஊரும் உண்டாக்கினேன். அதற்குப் பெயர் வைக்கத் தோன்றாமல் 'சின்னது' என்றே கூப்பிட்டோம்.

வளர வேண்டுமென்றால் பிறர் ஊரில் போய்க் கோதுமையைக் கொள்ளையடிக்க வேண்டும். இது எனக்கு மனசைக் குத்தியது. ஏழாம் கட்டளை தெளிவாக இருக்கிறது. பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், அடுத்தவன் களஞ்சியத்தில் களவு செய்தேன் என்று சொன்னேன்.

"எந்த ஊருல?" என்றார் சாமியார்.

"கம்ப்யூட்டருல, சாமி."

 திருப்பிக் கொடுத்துவிட முடியுமா என்று கேட்டார். கொடுக்கலாம், ஆனால் கொடுத்தால் என் ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிடும் என்றேன். அன்றைக்குக் கிடைத்த அளவு அபராதச் செபம் அதற்கு முன்பும் பின்பும் எனக்குக் கிடைத்ததில்லை.

தனி ஊர் பிழைக்காது என்பதால் பலர் கூடி ஒரு கூட்டணி அமைத்துக்கொள்வார்கள். அதற்கு விளையாட்டில் அலையன்ஸ் என்று பெயர். நாங்களும் அப்படியே சொன்னோம். அங்கேதான் பிசகு. எங்கள் பக்கத்தில் அந்த வார்த்தை வேறொரு காரியத்துக்கு ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது. "நல்ல அலையன்ஸ் ஒண்ணு வந்திருக்கு" என்று ஒருவர் சொன்னால், வந்திருப்பது மாப்பிள்ளை.

எங்கள் வீட்டுக்கும் அந்தச் சமயத்தில் அப்படி ஒன்று வந்திருந்தது. என் தங்கை ரெஜினாவுக்கு. அப்பா இல்லாததால் அவளை ஒரு நல்ல இடத்தில் சேர்ப்பது என் பொறுப்பு. நாகர்கோவிலில் நர்சாக இருந்தாள். வந்த வரன்களை எல்லாம் "பாப்போம்" என்று சொல்லியே பார்க்காமல் விட்டவள். இராஜாக்கமங்கலத்தில் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்த பையனைப் பார்த்துவிட்டு வந்து, பிடித்திருக்கிறது என்ற அர்த்தத்தில், "கொள்ளாம்" என்றாள். எங்கள் தங்கை வாயிலிருந்து 'கொள்ளாம்' என்று வருவது மற்ற பெண்கள் பாட்டுப் பாடுவதற்குச் சமம். அந்தோணியாருக்கு ஒன்பது செவ்வாய் மெழுகுதிரி கொளுத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பையனின் அப்பாவும் அம்மாவும் வீட்டுக்கு வந்தார்கள். கோவிலில் கல்யாண ஓலை வாசிக்க எந்த வாரம் பெயர் கொடுப்பது என்று பேசி முடிப்பதற்காக. பையனின் அப்பா ஐஸ் பிளாண்ட் நடத்தி ஓய்ந்தவர். தலை முழுக்க வெள்ளை. அதிகம் பேசமாட்டார். செலின் சாயா கொடுத்தாள். அச்சுமுறுக்கு வைத்தாள். ரெஜி வந்து நின்றாள். எல்லாம் திருப்தியாகப் போய்க்கொண்டிருந்தபோது ஜெரோம் போன் செய்தான்.

எங்கள் ஊர்களை நோக்கிப் பெரிய படை ஒன்று வருகிறதாம். எங்கள் அலையன்ஸின் தலைவன் ஒரு வெளிநாட்டுக்காரன். 'ஓல்டு கிங்' என்று பெயர் போட்டிருந்தான். நாங்கள் சுருக்கமாகக் கிழவன் என்போம். மாதக்கணக்கில் எங்களிடம் கோதுமை வாங்கினவன், ஆபத்து என்றதும் ஒரு வீரனைக் கூட அனுப்பவில்லை. அதே விளையாட்டில் குலசேகரத்து ரப்பர் வியாபாரி ஒருவர் இன்னொரு அலையன்ஸ் நடத்தினார். அவர் எங்களைச் சேர்த்துக்கொள்ளத் தயார். உடனே முடிவு சொல்ல வேண்டும்.

ஒரு நிமிஷம் என்று விருந்தாளிகளிடம் சொல்லிவிட்டு உள் அறைக்குப் போனேன். அந்த அறைக்குக் கதவு கிடையாது. செலினின் பழைய சேலையில் தைத்த திரைதான். மேலும், கல்ஃபுக்குப் பேசுகிறவர்கள் நடுவில் இருக்கும் கடலைவிடச் சத்தமாகப் பேச வேண்டும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. நான் பேசியதைச் செலின் பிற்பாடு வரி வரியாக எனக்கு ஒப்புவித்திருக்கிறாள். அதனால் எனக்கு மனப்பாடம்.

"இந்த அலையன்ஸ் நமக்குச் சரிவராது மக்கா. விட்டுருவோம்."

"கெழவன நம்பப்பிடாது. குடு குடுன்னு வாங்கத்தான் தெரியும். பேராச புடிச்சவன்."

"குலசேகரத்து அலையன்ஸ் கொள்ளாம். ரப்பர்க்காரரு. ஆள்பலம் உண்டும்லா."

"இவனுவகிட்ட இப்பம் ஒண்ணும் சொல்லாண்டாம். சிரிச்சிக்கிட்டே இருந்துட்டு, சோலி முடிஞ்சதும் மாறிரணும்."

கடைசியாக ஒன்று சொன்னேன். அந்த ஒன்றாவது என் பக்கம் நிற்கும் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

"பெருசு போனாப் போட்டு. சின்னதக் கண்ண மூடிக்கிட்டு அவன் கையில குடுக்க முடியாது மக்கா. நான் வளத்ததுலா."

திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. விருந்தாளிகள் எழுந்து நின்றார்கள். சாயா ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

"அப்பம் நாங்க இறங்குதோம் தம்பி" என்றார் பெரியவர். குரலில் ஒரு கோபமும் இல்லை. அதனால் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இப்போது போனால் இராஜாக்கமங்கலம் பஸ் கிடைக்காது, கொஞ்சம் பொறுத்துப் போகலாம் என்று அக்கறையாகச் சொன்னேன். கேட்காமல் வெயிலில் நடந்து போனார்கள். முற்றத்தில் நின்று கையும் காட்டினேன்.

திரும்பிப் பார்த்தால் செலின் சுவரோடு சாய்ந்து நிற்கிறாள். ரெஜி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன்," என்றாள், "குலசேகரத்துல எனக்கு யாரு?"

கடவுளே என்று உட்கார்ந்துவிட்டேன். சொல்லிப் புரியவைக்கப் பார்த்தேன். அவள் முழுவதும் கேட்டாள். அழவில்லை. ஆறின சாயா டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனவள், வாசலில் நின்று, "எனக்கு அந்த ஆளப் புடிச்சிருந்துச்சு" என்றாள். புடிச்சிருந்துச்சு. முடிந்துபோன காரியத்தைச் சொல்லுகிற மாதிரி. அவள் என்னைத் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

உள்ளே கம்ப்யூட்டரில் படை வந்து சேர்ந்திருந்தது. சவேரியார்பட்டணம் எரிந்துபோயிற்று. சின்னதும் போயிற்று. எதிரி யார் என்றுகூட நான் பார்க்கவில்லை.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு, வழியில் குருசடியில் முழங்காலிட்டுவிட்டு, இராஜாக்கமங்கலம் போனேன். பெரியவர் நாற்காலி போட்டார். நான் சொல்லத் தொடங்கினேன். எனக்கு ஒரு ஊர் இருந்தது, அதில் கோதுமை விளைந்தது, அதைக் கிழவன் ஒருவன் வாங்கித் தின்றான், அந்தக் கிழவன் நீங்கள் அல்ல. சொல்லச் சொல்ல, இதை நானே நம்பமாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது.

பையனின் அம்மா மட்டும் கேட்டார்கள்: "ரப்பர்க்காரருக்குப் பையன் எத்தன?"

மாப்பிள்ளைப் பையன் பட்டறையிலிருந்து கிரீஸ் கையோடு வந்து நின்றான். அவன்தான், "கம்ப்யூட்டருல உள்ளதுதானே, போய்ப் பாத்துட்டா தீந்துது" என்றான். என் கதையை அவன் நம்பினானோ இல்லையோ, நம்ப ஆசைப்பட்டான். அதைப் பார்த்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

நான்கு பேரும் ஒரு ஆட்டோவில் நாகர்கோவில் போய், ஒரு பிரவுசிங் சென்டரில் ஒரே தடுப்புக்குள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம்.  கடவுச்சொல் இரண்டு தடவை தப்பாயிற்று. (அது மாதாவின் பெயர். அதற்கே எழுத்துப்பிழை.) மூன்றாவது தடவை திறந்தது. சவேரியார்பட்டணம், எரிந்த கோலத்தில். அலையன்ஸ் என்ற எழுத்தைத் தொட்டுக் காட்டினேன். அதன் தலைப்பில் ஓல்டு கிங். பையன் வாசித்து அப்பாவுக்குச் சொன்னான். குலசேகரத்துக்காரர் அனுப்பியிருந்த செய்தியையும் வாசித்தான். 'வந்து சேர்ந்தீங்கன்னா கோதுமை தாறேன்' என்று தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருந்தார்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரையையே பார்த்தார். 

"நீரு ஏன் மதில் கட்டல?" என்றார்.

களிமண் போதவில்லை என்றேன்.

"ஊரு சுத்தி மதிலு இல்லாம கோதுமைய மட்டும் வளத்தா அவன் வரத்தான செய்வான்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "வெசாலக்கிழம சாமியாரப் பாத்து பேரு குடுத்துருவோம்" என்றார். பிறகு பிரவுசிங் சென்டர்க்காரரைக் கூப்பிட்டு, இதில் ஒரு ஊர் தொடங்க எவ்வளவு ஆகும் என்று விசாரித்தார்.

மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை வாசித்தார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கவும் என்று சாமியார் சொன்ன மூன்று தடவையும், எங்கள் இரண்டு குடும்பமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நான் அந்த விளையாட்டைத் திறக்கவில்லை. பெரியவர் இரண்டு வருஷம் விளையாடினார். அவருடைய ஊருக்கு நல்ல மதில் இருந்தது என்று கேள்வி. எங்கள் சொந்தத்தில் எங்கே ஒரு கல்யாணப் பேச்சு தொடங்கினாலும் முதலில் என்னை உள் அறையிலிருந்து வெளியே கூட்டிவந்து உட்காரவைத்து, போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். செலினின் ஏற்பாடு. அந்தத் திரைக்குப் பதில் கதவும் போட்டாயிற்று. தேக்கு.

ரெஜி இதையெல்லாம் எப்போதோ மன்னித்துவிட்டாள். வீட்டுக்காரரோடு சண்டை வந்தால் மட்டும், "குலசேகரத்து அலையன்ஸ் வந்துச்சு, நான்தான் விட்டுட்டேன்" என்று அவரிடம் சொல்வாளாம்.

பெரியவரை இப்போது நான் மாமா என்று கூப்பிடுகிறேன். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் பூசை முடிந்ததும் தவறாமல் போன் செய்வார். குரல் தெரியாதா எனக்கு? இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார்.

"கெழவன் பேசுதேன்."