முள்ளை நிமிர்த்திய தீர்மானம்

எழுதிப் பழகாதவன் நான். துணிந்து எழுதுவதைப் பெரியோர் பொறுத்தருள வேண்டுகிறேன். எனினும், இன்ஜின் மருத்துவ வரலாற்றில் பாடாலூர்ப் பக்கத்து எங்கள் உழவர் குழு நிகழ்த்திய சாதனையை, அதன் செயலாளராகிய நானே மறைப்பது முறையாகாது.

குழுவின் பொது டிராக்டருக்கு வயது முப்பத்தொன்று. புரட்டாசி மழை பெய்து, சிந்தாமணி அம்மாளின் இரண்டு ஏக்கர் மக்காச்சோளக் காட்டை உழும் முறை வந்த அன்று, ஆயில் பிரஷர் காட்டும் முள் சிவப்புக் கோட்டுக்குக் கீழே சாய்ந்தது. வெளி வாடகை டிராக்டர்கள் யாவும் முன்பே பிறருக்குப் பேசி முடிக்கப்பட்டிருந்தன. குழு அவசரக் கூட்டம் கூடியது.

மெக்கானிக் அரியமுத்து குனிந்து பார்த்தார்.

"வேற நல்ல மீட்டர் மாட்டிப் பாத்துருவோம். பிரஷர் நெசமாவே கம்மின்னா, அடியில ஆயில் தொட்டியக் கழட்டி சல்லடை, பேரிங் எல்லாம் பாக்கணும். ரெண்டு நாள் குடுங்க. அதுவரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க."

"குடுத்துருங்க தம்பி, ஈரம் நாலு நாளைக்குத் தாங்கும்," என்றார் சிந்தாமணி அம்மாள்.

"நீங்க சும்மா இருங்கம்மா. ஒங்களுக்காகத்தான் கூட்டமே," என்ற தலைவர் அய்யாக்கண்ணு, உறுப்பினர்களை நோக்கி விசாரணையைத் தொடங்கினார்.

"வண்டி ஓடுதா?"

"ஓடுதுங்க."

"அப்ப கொறை சொல்றது யாரு?"

"முள்ளுங்க."

"அப்ப அதத்தானய்யா மாத்தணும்!"

இத்தகைய நோயறிதலை எந்தப் பொறியியல் கல்லூரியும் கற்பிப்பதில்லை. தீர்மானம் 'ஒருமனதாக' நிறைவேறியது. பழைய இரும்புக் கடையிலிருந்து மீட்டர் ஒன்று வரவழைக்கப்பட்டுப் பொருத்தப்பட்டது. முள் நடுவில் கம்பீரமாக நின்றது.

அரியமுத்து தலையைச் சொறிந்தார். "தலைவரே, இன்னும் ஸ்டார்ட்டே பண்ணலீங்க."

"பாத்தியா! நிக்கிறப்பவே இவ்ளோ பிரஷர்னா, ஓடுனா எவ்ளோ இருக்கும்?"

கைதட்டல் எழுந்தது. அதனையும் பதிவு செய்தேன்.

மூன்றாம் சாலில் இன்ஜினுக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பது போன்ற ஓசை கேட்டது. நான்காம் சாலில் இன்ஜின் இறுகி நின்றது. தலைவர் ஓடிவந்து முதலில் மீட்டரைப் பார்த்து, "நல்ல வேளை, பிரஷர் கொறையல," என்றார்.

வேறு டிராக்டர் ஒன்பதாம் நாள் கிடைத்தது. அதற்குள் ஈரம் காய்ந்து மண் பாளமாகியிருந்தது.

இழப்பு விவரம் பணிவுடன் சமர்ப்பிக்கப்படுகிறது: கிராங்க் ஒன்று. பேரிங்குகள் அனைத்தும். சிந்தாமணி அம்மாளின் புரட்டாசிப் பட்டத்து விதைப்பு, இரண்டு ஏக்கர். மறுத்துத் தூக்கியிருக்க வேண்டிய கைகள் பதினொன்று. இதை எழுதும் கையும் அவற்றுள் ஒன்று.