முன் சீட்டுக்கு மூன்று ஜப்பான் சொற்கள்

வாழ்க மாரிசாமி! மை மணக்கும் கையர், மாதம் பன்னிரண்டையும் தாளில் மடக்கிச் சுருட்டும் மன்னர், சிவகாசித் திருநகரில் காலண்டர் அச்சகம் நடத்தி ஊரார் சுவர்களுக்கெல்லாம் திங்களும் செவ்வாயும் வழங்கும் வள்ளல், சொந்தக் காரின் முன் சீட்டில் ஒருமுறைகூட உட்கார்ந்திராத மாவீரர் வாழ்க! சரவெடிக்கு நடுவில் நின்று சாவதானமாகக் காப்பி குடிக்கும் அவர் நெஞ்சு மூன்றே மூன்று சொற்களின் முன் நடுநடுங்கிய பெருங்கதையைப் பாடப் புகுந்தோம். இருக்கன்குடி மாரியம்மா, எங்கள் நாக்குக்கு நீயே துணை!

அந்த முன் சீட்டை ஆண்டவர், மாரிசாமியின் தங்கையை மணந்த நாகையா. வெண்கொற்றக் குடை ஒன்று நீங்கலாக மாப்பிள்ளைக்குரிய மரியாதை அனைத்தும் பெற்ற அந்தக் கோமான், கார் வாங்கிய அன்று, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கிய மறுகணமே, "மச்சான், பின்னால உக்காந்தா நமக்குத் தலை சுத்தும்" என்று திருவாய் மலர்ந்து ஏறியவர்தாம். இருக்கன்குடிக்குப் போனாலும் அவர் முன்னால். சூலக்கரைக் கலெக்டர் ஆபீசுக்குப் போனாலும் அவர் முன்னால். வண்டிக்குத் தவணை கட்டிய தலைமகனோ, தாம்பூலப் பைக்கும் தண்ணீர்க் கேனுக்கும் நடுவே நசுங்கி, மாப்பிள்ளையின் காதைத் தாண்டி மிஞ்சி வரும் ஏசிக் காற்றை நுகர்ந்து நாளைக் கழித்தார்.

இந்நிலையில்தான் அச்சகத்தின் ஜப்பான் எந்திரம் சண்டித்தனம் செய்ய, அதை அடக்க அந்நாட்டு எஞ்சினியர் ஒருவர் பன்னிரண்டாம் தேதி மதுரையில் விமானம் இறங்குவதாக ஓலை, அதாவது மெயில், வந்தது. மாரிசாமியின் மகள் சுகிர்தா சென்னைக் கம்பெனியில் ஜப்பான் மொழி கற்றவள். வீட்டிலிருந்தபடியே வேலை பார்ப்பவள். அவள் அவையில் தீர்ப்பு வழங்கினாள்.

"எனக்கு மீட்டிங் இருக்கு, வர முடியாது. வண்டில ஏறுனதும் அவருக்கு மெஷின் எப்ப நின்னுச்சு, எப்ப ஓடணும்னு சொல்லணும்லா? நேத்து, இன்னைக்கு, நாளைக்கு, இந்த மூணையும் யாரு பிசகாம சொல்றீகளோ அவுகளுக்குத்தான் முன் சீட்டு."

முரசு அறைந்தாயிற்று! மாரிசாமி தவத்தில் இறங்கினார். காலை என்னும் 'அசா' கைக்குழந்தைபோல வந்து ஒட்டிக்கொண்டது. இரவு என்னும் 'யோரு' இரண்டு முறை மிரட்டியதும் பணிந்தது. ஆனால் நேற்றாகிய 'கினோ', இன்றாகிய 'கியோ' என்னும் இரட்டை அரக்கர்களோ ஒருவன் தலையை வெட்டினால் மற்றவன் கழுத்தில் முளைத்தார்கள். நாளையாகிய 'அஷிதா', ஈரக்கையில் எடுத்த சோப்புக்கட்டிபோல, பிடிக்கப் பிடிக்க வழுக்கி வாசல்வரை ஓடியது. குளிக்கையில் கினோ, குழம்பு ஊற்றுகையில் கியோ, கும்பிடுகையில் அஷிதா என்று அவர் செய்த முழக்கத்தில் பைண்டிங் பிரிவின் இருளம்மாளே கலங்கிப்போனாள்.

"அண்ணாச்சி, லீவு எப்பன்னு கேட்டா கினோங்கீக. அது சம்பளத்தோட லீவா, சும்மா லீவா?"

நாகையாவோ முறுக்கைக் கடித்தபடி மூன்று சொற்களையும் பொட்டலம்போல் மடித்து வாயில் போட்டுக்கொண்டார். போதாததற்கு, "என்ன மச்சான், இன்னைக்கு எதுன்னே தெரியாம அலையுதீகளே!" என்று வேல் வேறு எறிந்தார்.

புலர்ந்தது வெள்ளிக்கிழமை. மாரிசாமியின் மனையாள் வள்ளித்தாய் விளக்குத் துலக்கி வைத்த நன்னாள். கூடமே களம், சுகிர்தாவே நடுவர், கார் துடைக்கும் துணியோடு டிரைவர் பலவேசமே சேனை. சுவரில், மை மணம் மாறாத புத்தம்புது மாதக் காலண்டர் கொடிபோல் ஆடியது. அந்த வீட்டில் தேதி பார்க்க யாரும் செல்போனைத் தொடுவதில்லை. தொட்டால் அது தொழில் துரோகம். முதற்சுற்றில் மாமன் மச்சான் இருவரும் மத்தகம் மோதும் யானைகள்போல் மோதி, மயிரிழையும் பிந்தாமல் சமமாக நின்றார்கள்.

"கடைசிக் கேள்வி," என்றாள் சுகிர்தா. "நம்ம விருந்தாளி எப்ப வாராரு? மொதல்ல அப்பா."

எல்லாக் கண்களும் சுவருக்குப் பாய்ந்தன. பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமைக் கட்டத்தில் சம்மணமிட்டிருந்தது. இன்று வெள்ளி, ஆகவே நாளை, ஆகவே அஷிதா. அறிந்தார், தெளிந்தார், மார்பு விரித்தார் மாரிசாமி. ஆனால் அந்தோ, வில்லை வளைத்து நாணேற்றிக் குறிபார்த்து விடுகையில் எலி இடறிய விளக்குபோல் நாக்கு சாய, மேகம் பிளக்க, மேல்வீட்டுப் புறா பறக்க, அவர் முழங்கியது:

"கியோ!"

"அஷிதா!" என்று நாகையா சிரித்தபடி செருப்பை மாட்டினார். "நாளைக்கு வாரவர இன்னைக்கே வரச் சொல்லுதீகளே மச்சான்!"

வென்றவர் நாளைவரை பொறுக்காமல் அப்போதே போய் முன் சீட்டில் அமர்ந்து, அதைப் பின்னுக்குத் தள்ளிக் காலை நீட்டினார். மாரிசாமி, கொடி இழந்த தேர்போல் நிலைப்படியில் சாய்ந்தார்.

அப்போது தெருமுனையில் புழுதி எழுந்தது. வந்து நின்ற வாடகைக் காரிலிருந்து, பெட்டியும் வியர்வையுமாக இறங்கிய ஒல்லி மனிதர் ஒருவர் இடுப்பு வளைய வணங்கினார். சுகிர்தா ஓடிப்போய் அவர் மொழியில் பேசினாள். கேட்டதும் வாசலுக்குத் திரும்பி ஓடிவந்தாள்.

"அப்பா, இன்னைக்குத்தான் பன்னெண்டாம் தேதியாம். ஏர்போர்ட்ல வெகுநேரம் காத்திருந்துட்டு அவராவே வந்துட்டாரு!"

வள்ளித்தாய் சுவரருகே போய்க் கண்ணைச் சுருக்கினாள். "ஏங்க, இது ஆடியில நீங்க அடிச்ச அடுத்த வருசக் காலண்டருல்லா!"

உண்மை அதுவே. இந்த வருசத்து வெள்ளி அடுத்த வருசத்தில் சனியாக நகர்ந்திருந்தது. ஆடி பிறந்தால் அடுத்த ஆண்டிலேயே வாழும் அந்த அச்சக இல்லத்தில், நடப்பு ஆண்டின் காலண்டர் ஒன்றுகூட மிச்சமில்லாமல் என்றோ விற்றுத் தீர்ந்திருந்தது.

மாரிசாமி நிமிர்ந்தார். இடி குமுறியது. "நான் கியோன்னு சொன்னேனா இல்லையா? மாப்ளே, எறங்குங்க!"

"வாய் தவறிச் சொன்னது செல்லாது மச்சான்!"

"தப்பாச் சொன்னாலும் சரியாத்தானய்யா சொன்னேன்!"

"அப்பா சொன்னதுதான் சரி மாமா," என்றாள் நடுவர்.

இறங்கினார் நாகையா, அரியணை நீங்கும் அரசரென. ஏறினார் மாரிசாமி, கோட்டை பிடித்த கொற்றவரென. சீட்டு பெல்ட்டை வாகைமாலையாக மார்பில் குறுக்கே இழுத்தார். ஏசியின் நாலு கண்களையும் தம் முகம் நோக்கித் திருப்பினார். அந்தக் குளிர் தென்றலில் மீசை சிலிர்க்க, மதுரைத் திசை நோக்கிக் கை நீட்டினார்.

"அதான் வந்துட்டாரே அண்ணாச்சி, இனி எங்க போக?" என்றார் பலவேசம்.

"வந்தவுக பசியா இருக்காக," என்று வாசலிலிருந்து குரல் கொடுத்தாள் வள்ளித்தாய்.

மாரிசாமி முன் சீட்டில் உட்கார்ந்து எண்ணெய்ப் புரோட்டா வாங்கப் போனார்.