மஞ்சள் கோடும் எறங்கு அண்ணனும்

கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் சல்லடை போட்டுத் தேடினாலும் ‘எறங்கு அண்ண’னைப் போன்ற பயந்தாங்கொள்ளி ஒருவர் அகப்படமாட்டார். கிள்ளானிலிருந்து சுங்கை வே தொழிற்சாலைக்கு எங்களை ஏற்றிச்சென்ற வேன் ஓட்டுநர் அவர். எங்கள் தாமான் குடியிருப்பை ஒட்டிய ஆற்றுப்பாலம் வந்ததும் வேனை நிறுத்தி, “எறங்குங்க, எல்லாரும் எறங்குங்க” என்பார். பன்னிரண்டு பெண்களும் சாப்பாட்டுப் பையோடு பாலத்தை நடந்து கடக்கவேண்டும். பிறகு அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, காலி வேனை ஆமை வேகத்தில் ஓட்டி வருவார்.

“அண்ணே, நாங்க என்ன யானையா? பாலம் தாங்காதா?” என்று ஒருநாள் சாந்தி கேட்டாள்.

“மேல ஸ்ட்ராங் லா. கீழதான் ஒண்ணுமில்ல. மண்ண ஆறு தின்னுக்கிட்டு இருக்கு.”

முன்பு பாலம் கட்டும் வேலையில் இருந்தவராம். நடுத்தூணில் மண் தொடும் இடத்தில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் கோயிலுக்குப் போனால் இவர் அந்தக் கோட்டைப் பார்க்கப் போவார். சில மாதங்களில் கோடு முழங்கால் உயரத்தில் நின்றது, பிறகு இடுப்புயரம். கோடு ஏறவில்லை, ஆற்றின் தரைதான் இறங்குகிறது என்பது அவர் சொல்லித்தான் எங்களுக்கு விளங்கியது. ஆற்றின் மேல்பகுதியில் இருந்த வளைவை நேராக்கிவிட்டதால் தண்ணீர் வேகமாக வந்து தூணடியைத் தோண்டுகிறதாம். புகார் கொடுத்தார். ஆட்கள் வந்தார்கள், பாலத்தின் மேல் புதிதாகத் தார் போட்டுவிட்டுப் போனார்கள். சாந்தி வயிறு வலிக்கச் சிரித்தாள். நானும்தான்.

ஒரு மாலை, வேலை முடிந்து திரும்பும்போது பேய்மழை. பாலத்துக்கு முன்னால் வேன் நின்றது. பாலத்தின் கைப்பிடிக் கம்பி நேராக இல்லை என்பது அவர் கண்ணுக்கு மட்டும் பட்டிருக்கிறது.

“யாரும் எறங்காதீங்க” என்றார்.

கதவைத் திறக்கப் போன நான் கையை இழுத்துக்கொண்டேன்.

பின்னால் வந்த மணல் லோரி ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டப் பார்த்தது. அண்ணன் குதித்து ஓடி, அதன் முன்னால் கைகளை விரித்து நின்றார்.

“பைத்தியமா பாஸ்? நகரு லா!” என்று லோரிக்காரர் கத்தினார்.

“என் மேல ஏத்து! பாலத்து மேல ஏத்தாத!”

ஒன்றும் நடக்கவில்லை. மழைதான் கொட்டியது. லோரிக்காரர் இறங்கி வந்து அண்ணனின் சட்டையைப் பிடித்தார். அப்போது தரைக்கு அடியில் ஏதோ உறுமியது. பாலத்தின் நடுப்பகுதி, யாரோ கைவைத்து அழுத்தியதுபோல் மெல்ல அமிழ்ந்தது. புதுத் தார் அப்பளமாய் நொறுங்கியது. கைப்பிடிக் கம்பி வளைந்து ஆற்றுக்குள் போயிற்று. லோரிக்காரர் சட்டையை விடவில்லை. ஆனால் அது இப்போது, தான் விழாமலிருக்கப் பிடித்த பிடி.

திரும்பி வந்த அண்ணனுக்குச் சாவியைத் திருப்பக் கை வரவில்லை. நான் முன்சீட்டுக்கு ஏறித் திருப்பிக்கொடுத்தேன்.

“பயமா இருக்கும்மா” என்றார்.

“எனக்கும்தாண்ணே. மெதுவாப் போங்க.”

சுற்றுவழியில் வீடு சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு, அந்த ஆமை வேகம் இன்னும் கொஞ்ச நேரம் நீண்டிருக்கலாம் என்று தோன்றியது.