மாலதி ஃபாரம் பிறந்த கதை

யோசிக்கத் தெரியாத ஒருத்தியிடம், மற்றவர்களை யோசிக்க வைக்கிற பொறுப்பைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யாருக்காவது சந்தேகம் இருந்தால் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வந்து விசாரிக்கலாம். என் பெயரைச் சொன்னால் போதும், டீக்கடையிலேயே முழுக்கதையும் கிடைக்கும்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பாத்திரம் தேய்க்கிற லிக்விடைப் பாட்டிலில் நிரப்பி, மூடி போட்டு அனுப்புகிற சின்ன கம்பெனியில் வேலை. மூடி போட்ட பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து, ஒழுகுகிறதா என்று பார்ப்பதுதான் என் உத்தியோகம். (ஒழுகியதெல்லாம் என் துப்பட்டாவில்தான் ஒழுகியது. மழையில் நனைந்தால் எனக்கு நுரை வரும் என்று வீட்டில் சொல்வார்கள்.)

ஒருநாள் முதலாளி கூப்பிட்டார். "மாலதி, மூணு மாசம் லைன் லீடரா இருந்து பாரும்மா. ஒரு பெரிய கம்பெனி புது ஆர்டர் தரப்போறாங்க. நமக்கா, ஸ்ரீபெரும்புதூர்ல இன்னொருத்தருக்கான்னு லைனை நேர்ல பாத்துட்டுத்தான் சொல்வாங்க. ஆர்டர் வந்தா நீதான் நிரந்தர லீடர். வரலைன்னா மறுபடி பழைய மேஜைதான்" என்றார்.

அத்தோடு விட்டிருக்கலாம். என்னை நுங்கம்பாக்கத்தில் ஒரு ஹோட்டலில் நடந்த ஒருநாள் பயிற்சிக்கும் அனுப்பிவைத்தார். பணியிடத்தில் படைப்பாற்றலை வளர்ப்பதில் தலைவரின் பங்கு என்பது தலைப்பு. கோட் போட்ட ஒருவர் சாயங்காலம் வரை பேசினார். தலைவர் ஒரு தோட்டக்காரர், ஊழியர்களுக்குள் இருக்கும் யோசனைகள் விதைகள் என்றார். மதியச் சாப்பாடு பிரமாதமாக இருந்ததால் அவர் சொன்ன அத்தனையையும் நம்பினேன். திரும்பி வரும்போது ஆவடி ட்ரெயினில் எதிர் சீட்டில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்த ஆளைப் பார்த்து, இவருக்குள் எத்தனை விதைகளோ என்று உருகினேன்.

மறுநாளே தோட்ட வேலையை ஆரம்பித்துவிட்டேன். தினமும் காலையில் பத்து நிமிடம் 'ஐடியா நேரம்'. லைனில் வேலை பார்த்த பெண்கள் எல்லோரும் என்னைவிட மூத்தவர்கள். வட்டமாக நின்று என்னையே பார்ப்பார்கள். நான் அவர்களைப் பார்ப்பேன். பத்து நிமிடம் முடிந்ததும் கைதட்டிவிட்டுப் போவோம்.

நான்காம் நாள் விஜயாக்கா வாயைத் திறந்தார். அண்ணனூரிலிருந்து வருகிறவர், மூடி போடும் மிஷினில் ஏழு வருடமாக நிற்கிறவர்.

"ஒண்ணு சொல்லட்டா மேடம்? பாத்ரூமுக்குத் தாப்பா இல்ல. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய காவலுக்கு நிக்கணும். ஒரு தாப்பா போட்டுக் குடுத்தீங்கன்னா நல்லா இருக்கும்."

"அக்கா, அது கம்ப்ளெயின்ட். நான் கேட்கிறது ஐடியா" என்றேன் நான், ஒரு குழந்தைக்குச் சொல்கிற பொறுமையோடு. (இந்த வரியை இப்போது எழுதும்போதுகூடக் காது சூடாகிறது.)

"ஓ, அது வேற இது வேறயா" என்று சொல்லி வாயை மூடிக்கொண்டவர்தான், அதற்குப் பிறகு ஐடியா நேரத்தில் திறக்கவில்லை.

விதை முளைக்காததற்கு நிலம் அழுக்காக இருப்பதுதான் காரணம் என்று முடிவு கட்டினேன். திங்கட்கிழமை பெரிய கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை லைன் ஓடாது. என் கணவர் சேகரை ஒரு சாக்குப் பையோடு கூட்டிக்கொண்டு போனேன். அவர் ரயில்வே ஷெட்டில் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமையும் மிஷின் முகத்தில் விழிக்க வேண்டியிருக்கிறதே என்ற கடுப்பில் இருந்தார்.

மூடி போடும் மிஷினைப் பார்த்து எனக்கே அசிங்கமாக இருந்தது. மூடிகள் சறுக்கி இறங்கும் தகரப் பாதையின் வாயில் யாரோ ரப்பர் செருப்பை வெட்டி, கம்பியால் கட்டியிருந்தார்கள். பாட்டில்கள் நகரும் பெல்ட்டின் காலில் பழைய துணிப்பையில் மணலைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். போதாததற்கு ஆயுத பூஜைக்குக் கட்டிய எலுமிச்சம்பழம் ஒன்று, கல்லாகக் காய்ந்து மேலே ஆடிக்கொண்டிருந்தது.

"எல்லாத்தையும் வெட்டிப் பையில போடுங்க."

சேகர் செருப்புத் துண்டைத் தொட்டுப் பார்த்தார். "இவ்ளோ டைட்டா கம்பி சுத்திக் கட்டிகீறாங்கன்னா ஏதோ ஒரு மேட்டர் இருக்கும்டி. கேட்டுட்டு எடு."

"உங்க ஷெட்டுல வேணா செருப்பு கட்டி ட்ரெயின் ஓட்டுங்க. இது புதுமைக்கான இடம்."

அவர் கம்பியை வெட்டினார். மூன்றும் சாக்கில் போயின, சாக்கு குப்பை லாரியில் போனது. மிஷினைத் துடைத்து மஞ்சள் பலூன் கட்டினேன்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு விஜயாக்கா வந்து, "ஒரு வாட்டி ஓட்டிப் பாத்துடலாம் மேடம்" என்றார். பளபளப்பு போய்விடும், வருகிறவர்கள் கண்முன்தான் சுவிட்ச் போட வேண்டும் என்று சொல்லி, எல்லோரையும் ரோஜாப்பூவோடு வாசலில் நிறுத்திவிட்டேன்.

வந்தவர்கள் மூன்று பேர். அவர்களில் முடிவு எடுக்கிறவர், தலை முழுக்க நரைத்த ஒரு அம்மா. அவரிடம் நான் தோட்டக்காரர், விதை எல்லாவற்றையும் ஒப்பித்தேன். "லைனைப் பாக்கலாமா?" என்றார். சுவிட்சை நானே போட்டேன்.

முதல் நான்கு மூடி ஒழுங்காக வந்தது. ஐந்தாவது குப்புற வந்தது. அதன் மேல் ஆறாவது ஏறியது. பிறகு மூடிகள் தகரப் பாதையை விட்டுத் துள்ளி வெளியே விழ ஆரம்பித்தன. அதில் ஒன்று முதலாளியின் சட்டைப் பையில் கச்சிதமாக உட்கார்ந்தது. அதே நேரம் பெல்ட்டுக்குக் குளிர் ஜுரம் வந்துவிட்டது. மூடியில்லாத பாட்டில்கள் வரிசையாகச் சாய்ந்து தரையெல்லாம் பச்சை லிக்விட். ஈரத்தைத் துடைக்கிறேன் என்று நான் மாப்பைப் போட்டுத் தேய்த்தேன். பாத்திரம் தேய்க்கிற லிக்விடை ஈர மாப்பால் தேய்த்தால் என்ன ஆகும் என்பது வீட்டில் பாத்திரம் தேய்க்கிற எல்லோருக்கும் தெரியும். எனக்கு அந்த நேரத்தில் தெரியவில்லை. நுரை முழங்கால் வரை வந்தது.

யாரோ மிஷினை நிறுத்தினார்கள். அந்த அமைதியில் ஒரு குரல் மட்டும், "எலுமிச்சம்பழமும் காணோமே" என்றது.

"என்னம்மா இது?" என்றார் முதலாளி. என்னைப் பார்க்காமல் விஜயாக்காவைப் பார்த்துக் கேட்டார். "உன் மிஷின்தானே? என்ன பண்ணி வச்சே?"

விஜயாக்கா மிஷினின் வாயைப் பார்த்தார், பெல்ட்டின் காலைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் எதுவும் சொல்லவில்லை. எனக்கு முன்னால் இருந்த லீடர், மிஷினில் கைவைத்ததற்காக ஒருத்திக்கு மெமோ கொடுத்தவர். செருப்புத் துண்டைப் பற்றிச் சொன்னால் அதைக் கட்டியது யார் என்ற கேள்வி வரும்.

நானும் சொல்லாமல் இருந்திருக்கலாம். மிஷின் பழுது என்று சொன்னால் பழி யார் மேலும் முழுதாக விழுந்திருக்காது. இரண்டு நொடி அப்படித்தான் நின்றேன், அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன். பிறகு என் வாய் தானாகச் சொல்லியது: "சார், அவங்க சரியாத்தான் வச்சிருந்தாங்க. நான்தான் குப்பைன்னு நினைச்சு நேத்து எல்லாத்தையும் எடுத்துப் போட்டேன்."

நரைத்தலை அம்மா விஜயாக்காவிடம் திரும்பினார். "என்ன வச்சிருந்தீங்க?"

"மெமோ குடுக்க மாட்டாங்கள்ல?"

"மாட்டாங்க. நான் பாத்துக்கறேன்."

"அப்போ யார்னா ஒரு ரப்பர் செருப்பு குடுங்க."

தொழிற்சாலைக்குள் எல்லோரும் ஷூ. செருப்பு போட்டிருந்தது நான் ஒருத்திதான். விருந்தாளிகளுக்காக வாங்கிய புதுச் செருப்பு, தடித்த அடிப்பாகம். கழற்றிக் கொடுத்தேன். விஜயாக்கா அட்டை அறுக்கிற கத்தியால் குதிகாலை ஒரே இழுப்பில் வெட்டி, கம்பி சுற்றிக் கட்டினார். வாசலில் நெருப்புக்காக வைத்திருந்த மணல் வாளியிலிருந்து ஒரு பை நிரப்பிப் பெல்ட்டின் காலில் தொங்கவிட்டார்.

மிஷின் ஓடியது, பெல்ட்டின் நடுக்கமும் நின்றது. குப்புற வந்த மூடி ஒவ்வொன்றும் என் குதிகாலில் இடித்துக் கீழே விழுந்தது, நேராக வந்தது மட்டும் பாட்டிலுக்குப் போனது.

"இது எப்படித் தோணிச்சு?" என்று அந்த அம்மா கேட்டார்.

"இன்னாத்த தோணுறது? மூடி சிக்கினா நாங்கதான் கையால நோண்டி எடுக்கணும். வெரல் நோவுது. வேற இன்னா ஐடியா கீதும்மா உங்களுக்குன்னு கேட்டா நெறைய கீது. ஆனா அதெல்லாம் கம்ப்ளெயின்ட்டாம்."

மீதிச் சுற்றுப்பயணம் முழுவதும் ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டே பின்னால் போனேன். அந்த அம்மா பாத்ரூம் கதவையும் பார்த்தார். தாழ்ப்பாள் அன்று மதியமே வந்தது.

ஆர்டர் எங்களுக்கே கிடைத்தது, இரண்டு நிபந்தனைகளோடு. புது லைனை விஜயாக்காதான் அமைத்துக் கொடுக்க வேண்டும், அதற்கேற்ற சம்பளத்தோடு. இரண்டாவது, மிஷினிலிருந்து எதை எடுப்பதானாலும் அதில் வேலை செய்கிறவரிடம் 'இது என்ன வேலை செய்கிறது' என்று எழுதி வாங்க வேண்டும். அதற்கு அச்சடித்த தாளுக்கு எஸ்டேட்டில் மாலதி ஃபாரம் என்று பெயர். புதிதாகச் சேர்கிறவர்கள் மாலதி என்பது கம்பெனியை ஆரம்பித்த, காலமான யாரோ ஒரு பெரியம்மா என்று நினைக்கிறார்கள். நான் நிரந்தர லீடரானேன். "நீங்க நல்லா பேசுறீங்க மேடம். பேசிகினே இருங்க. மிஷின் கிட்ட மட்டும் வராதீங்க" என்று விஜயாக்கா ஆசீர்வாதம் செய்தார். பத்து நிமிட ஐடியா நேரத்தில் இப்போது நான் பேசுவதில்லை, நோட்டில் எழுதிக்கொள்கிறேன். பாதி கம்ப்ளெயின்ட்தான். பிரித்துப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

சேக்காட்டில் எங்கள் வீட்டிலும் அந்தச் சட்டம்தான். போகிக்கு எரிக்க எங்களிடம் ஒன்றும் தேறுவதில்லை. இந்த வருடம் மொட்டைமாடிக் கதவில் துருப்பிடித்துத் தொங்கிய கம்பி ஒன்றை அறுத்துப் போடலாம் என்று போனேன். என் மகள் பேனாவோடு குறுக்கே வந்து நின்று, "அப்பா, அம்மா எதையோ எடுக்கறாங்க" என்று கத்தினாள்.

சேகர் மேலே வந்து கம்பியை ஆட்டிப் பார்த்தார், கதவைத் தட்டிப் பார்த்தார், ரொம்ப நேரம் யோசித்தார்.

"இது என்ன வேலை செய்யுது, சொல்லுங்க, எழுதிக்கறேன்" என்றேன்.

"எனக்கும் தெரியல. ஆனா நீ எடுத்தா ஊருக்கே தெரியும்" என்றார்.

கம்பி இன்னும் அங்கேயேதான் தொங்குகிறது.