இரண்டு மணிப் பிறந்தநாளுக்கு நாலரை மணிக்குப் போனது

தமிழர் வீட்டுப் பிறந்தநாளுக்குச் சொன்ன நேரத்துக்குப் போகிறவரைப் பிடித்துப் பலூன் ஊதவிடுவார்கள். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருந்த காலத்தில் நான் பட்டு அறிந்த உண்மை இது. கனடாவுக்கு வந்த புதிதில், ஆறு மணி என்று அழைப்பிதழில் போட்டிருந்த ஒரு விழாவுக்கு ஆறு மணிக்கே போய்விட்டேன். மண்டபம் பூட்டிக் கிடந்தது. காவலாளி வந்து திறந்தபின் அவரோடு சேர்ந்து கதிரை அடுக்கினேன். பிறகு பலூன் ஊதினேன். எட்டு மணிக்கு வந்து சேர்ந்த பிறந்தநாள்காரியின் தாய் என்னைக் கண்டதும், "நல்லதாப் போச்சு, இந்தக் கேக்கை ஒருக்காப் பிடியும்" என்றார். அன்றைக்கு வந்த ஞானம், அழைப்பிதழில் உள்ள நேரம் குளிக்கப் போவதற்கான நேரம் என்பது.

இந்த ஞானத்தையும் பெட்டியில் கட்டிக்கொண்டுதான் மொன்றியலுக்குக் குடிவந்தோம். இரண்டாயிரங்களின் தொடக்கம். இவருடைய கம்பெனி (இவர் என்றால் என் கணவர், பெயரைச் சொல்லி எழுத இன்றைக்கும் கை கூசுகிறது) புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியம் திறந்து, அதைப் பார்க்கச் சொல்லி இவரை அனுப்பியது. வில்லரே என்ற பகுதியில் இரண்டாம் மாடியில் வீடு. அதற்கு ஏற வெளியே வளைந்து போகும் இரும்புப் படி. பனி கொட்டுகிற ஊரில் படியை ஏன் வீட்டுக்கு வெளியே கட்டினார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டேன். நீளமாக விளக்கம் சொன்னார். நான் கேட்டது ஆங்கிலத்தில், அவர் சொன்னது பிரெஞ்சில் என்பதால் அந்த மர்மம் அப்படியே இருக்கிறது.

இருந்த இடத்தில் இருக்கத் தெரியாத பிறவி நான். ஸ்காபரோவில் வேலை, கோயில், மரக்கறிக் கடை, ஓயாத தொலைபேசி என்று ஓடிக்கொண்டிருந்தவள். வில்லரேயில் எனக்கு ஒரு ஈ காக்காயையும் தெரியாது. மூலைக்கடைக்குப் போய் 'போன்ஜூர்' சொல்வதும், பாலை வாங்கிக்கொண்டு 'மெர்சி' சொல்வதும்தான் என் சமூக வாழ்க்கை. பொழுது போகாமல் வீட்டுச் சாமான்களை வாரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றினேன். வேலையால் களைத்து வந்த இவர், வழக்கமான இடத்தில் சோஃபா இருக்கிறது என்ற நம்பிக்கையில் அமர்ந்து, நிலத்தில் விழுந்ததும் நடந்தது.

ஆனால் என் தவிப்புக்கு உண்மையான காரணம் மகள். மதுராவுக்கு அப்போது ஏழு வயது. ஸ்காபரோவில் ஆங்கிலமும் தமிழுமாக வாய் ஓயாமல் இருந்தவள், இங்கே பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் வாயே திறக்கவில்லை. ஆசிரியை எங்களைக் கூப்பிட்டார். பிள்ளைக்கு எல்லாம் விளங்குகிறது, ஆனால் ஒரு சொல் பேசுகிறாள் இல்லை, கிறிஸ்மஸுக்குள் பேசாவிட்டால் ஒரு வகுப்புக் கீழே விடவேண்டி வரும் என்றார். நித்திரை போய்விட்டது எனக்கு. சந்தோஷமாக இருந்த பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு வந்து ஊமையாக்கிவிட்டோமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது.

ஒரேயொரு ஆறுதல் சோஃபி. முன்பல் விழுந்த, தலைமயிர் சோளப்பொத்தி நிறத்தில் இருந்த அந்தப் பிள்ளை இடைவேளையில் மதுராவின் கையைப் பிடித்துக்கொண்டு திரிவாளாம். இரண்டு பேரும் பேச மாட்டார்களாம், சேர்ந்து படம் கீறுவார்களாம். மொன்றியலில் எங்கள் குடும்பத்துக்கு இருந்த மொத்த நண்பர் வட்டமும் அவள்தான்.

நவம்பரில் ஒருநாள் மதுரா சோஃபியின் பிறந்தநாள் அழைப்பிதழோடு வந்தாள். சனிக்கிழமை, இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை என்று போட்டிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு இவரும் நானும் ஆராய்ச்சியில் இறங்கினோம்.

"ரெண்டிலயிருந்து நாலு எண்டால் என்னப்பா?" என்று கேட்டேன்.

"ஆக்கள் வந்து சேருற நேரமாக்கும். நாலுக்குப் பிறகு கேக் வெட்டுவினம், பேந்து சாப்பாடு" என்றார் இவர், பத்து வருடம் கியூபெக்கில் வாழ்ந்தவர் மாதிரி.

எவ்வளவு நியாயமாக இருந்தது! வெறும் இரண்டு மணித்தியாலத்தில் ஒரு பிறந்தநாளை முடிக்க யாரால் முடியும்? எங்கள் விழாக்களில் குடும்பம் குடும்பமாக மேடையேறிப் படம் எடுக்கவே அதைவிடக் கூட நேரம் வேண்டும்.

அந்த வாரம் முழுக்க என் கைக்கு வேலை கிடைத்தது. சோஃபிக்கு மயில்நீலத்தில் பட்டுப் பாவாடையும் சட்டையும் தைத்தேன். வெள்ளிக்கிழமை என் தம்பி ரவி, புதிதாக வாங்கிய வீடியோ கமராவைத் தூக்கிக்கொண்டு ரொறன்ரோவிலிருந்து வந்து இறங்கினான். விருந்தாளியைத் தனியாக வீட்டில் விடலாமா? அவனையும் கூட்டிப்போவதென்று தீர்மானமாயிற்று.

சனிக்கிழமை மத்தியானமே மதுரா வெளிக்கிட்டுவிட்டாள். சிவப்புச் சட்டை, வெள்ளைக் காலுறை, சப்பாத்து எல்லாம் போட்டுக்கொண்டு வாசல் கதவடியில் நிலத்தில் இருந்தாள்.

"அம்மா, ரெண்டு மணிக்கு எண்டு போட்டிருக்கு."

"பொறு பிள்ளை. ரெண்டு மணி எண்டால் ஆர் ரெண்டு மணிக்குப் போறது? அவையள் இப்பதான் கதிரை அடுக்கிக்கொண்டு இருப்பினம்."

இரண்டு மணிக்கு நான் குளிக்கப் போனேன். கொள்கையை மீறக் கூடாதல்லவா? பிறகு ஒரு சேலை உடுத்து, பிடிக்காமல் அவிழ்த்து, வேறொன்று உடுத்தேன். ரவி முகம் வழித்தான். இவர் ரவி முடிக்கும்வரை காத்திருந்து தானும் வழித்தார். ஒவ்வொரு முறை நான் அவதிப்பட்டு அந்தக் கதவைக் கடந்து ஓடும்போதும் கீழேயிருந்து "அம்மா, போவமா?" என்று ஒரு சின்னக் குரல் வந்தது. கடைசியில் குரல் வரவில்லை. சப்பாத்துக் காலை நீட்டி, கதவில் சாய்ந்து இருந்தாள்.

சோஃபி வீடு இரண்டு தெரு தள்ளி. கரைந்த பனிச்சேற்றில் காஞ்சிபுரத்தைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்து, கீழே பனிச் சப்பாத்தோடு நான் நடந்த அழகை ரவி முன்னால் பின்பக்கமாக நடந்து படம் பிடித்தான். அந்த வீட்டுப் படியடிக்குப் போனபோது மணி நாலரை. மேலேயிருந்து மதுராவின் வகுப்புப் பையன் ஒருவன் கையில் இனிப்புப் பையோடு தகப்பனுடன் இறங்கி வந்தான். மதுரா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"பாத்தியே, ஆக்கள் வாறதும் போறதுமா இருக்கினம். நல்ல கூட்டம் போல" என்றேன் நான்.

கதவைத் திறந்தவர் சோஃபியின் தாய் இசபெல். கையில் றப்பர் கையுறை. அவருக்குப் பின்னால், கணவர் மார்க் பலூன்களை ஊசியால் குத்திக் குப்பைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். பட்டுச்சேலை, கோட்டு சூட்டு, ஓடிக்கொண்டிருக்கும் கமரா என்று வாசலில் நின்ற எங்களைப் பார்த்து இரண்டு பேரும் சில நொடி அசையவில்லை. ஆனால் சோஃபி "மதுரா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து அவளை இழுத்துக்கொண்டு அறைக்குள் ஓடிவிட்டாள். வேறு வழியில்லாமல் எங்களையும் உள்ளே வரச் சொன்னார்கள். மேலங்கிகளை வாங்கி அலுமாரியில் கொழுவினார்கள்.

நாங்கள் மூன்று பேரும் சோஃபாவில் வரிசையாக இருந்தோம். அவர்கள் இரண்டு பேரும் எதிரே இருந்தார்கள். அவர்களுக்குக் கொஞ்ச ஆங்கிலம், எங்களுக்குப் பிரெஞ்சே இல்லை. குளிர் என்று அவர்கள் சொன்னார்கள், ஓம் குளிர் என்று நாங்கள் சொன்னோம். கோப்பி வந்தது. கோப்பி முடிந்தது. எனக்குக் கால் துருதுருவென்றது.

"கேக் எப்பவாம் வெட்டுவினம்?" என்று ரவி என் காதுக்குள் கேட்டான்.

"மற்ற ஆக்கள் வர வேணுமெல்லே" என்றேன்.

அந்த இடைவெளியில் ரவி தன் கடமையைச் செய்தான். மார்க்கையும் இசபெலையும் சோஃபாவில் இருத்தி, சோஃபியை நடுவில் விட்டு, நாங்கள் சோடி சோடியாகப் பின்னால் நின்று படம் எடுத்தோம். அவர்கள் சொன்னபடியெல்லாம் இருந்தார்கள், பாவங்கள். சோஃபி பாவாடை சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து சுழன்று காட்டிவிட்டு மறுபடி அறைக்குள் மறைந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து மார்க் இரண்டு கையாலும் தொடையில் தட்டி, பெருமூச்சு விட்டு எழும்பினார். ஒருவரும் அசையாததால் மறுபடி இருந்தார். பிறகு அலுமாரிக்குப் போய் எங்கள் மேலங்கிகளைக் கொண்டுவந்து சிரித்த முகத்தோடு ஆளுக்கொன்று கையில் தந்தார்.

"என்ன அன்பான மனுசன், குளிருது எண்டு சொன்னதை மறக்கேல்லைப் பாரும்" என்று இவர் நெகிழ்ந்தார். மூன்று பேரும் போட்டுக்கொண்டு மறுபடி சோஃபாவில் இருந்தோம்.

ஆறு மணியளவில் இசபெல் மேசையில் மூன்று தட்டு வைத்தார். எனக்கு உயிர் வந்தது. வேலை என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டதே! ஏழு பேருக்கு மூன்று தட்டு எப்படிக் காணும் என்று, மேலங்கியோடு குசினிக்குள் நுழைந்து, அலுமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, இன்னும் நாலு தட்டைத் தேடி எடுத்து மேசையில் வைத்தேன். "நீங்கள் இருங்கோ, நான் பாக்கிறன்" என்று இசபெலின் தோளைத் தட்டித் தமிழிலேயே சொன்னேன். அவர் மார்க்கைப் பார்த்தார். மார்க் கூரையைப் பார்த்தார்.

அடுப்பிலிருந்து வந்த தட்டம் மூன்று பேருக்கு அளவானது. அதை இசபெல் ஏழாகப் பிரித்தார். அந்த ஊரில் எல்லா வீட்டிலும் செய்கிற சாப்பாடு. மேலே மசித்த உருளைக்கிழங்கு, நடுவில் சோளம், அடியில் அரைத்த இறைச்சி.

"என்ன இறைச்சி?" என்று இவர் மரியாதையாகக் கேட்டார்.

மார்க் மாடு என்றார்.

எங்கள் குடும்பத்தில் மாடு தொடுவதில்லை. இவ்வளவு நேரம் இருந்து, ஒரு வீட்டின் இரவுச் சாப்பாட்டைப் பறித்துவிட்டு, இப்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? இவரும் நானும் மேலேயிருந்த கிழங்கையும் சோளத்தையும் மெல்ல மெல்ல வழித்தெடுத்துச் சாப்பிட்டு, இறைச்சியை அடியில் சுத்தமாக விட்டுவைத்தோம். ரவி மட்டும் ஒன்றும் மிச்சம் விடாமல் சாப்பிட்டுத் தட்டையும் துடைத்தான். அவனுடைய ரொறன்ரோ வாழ்க்கையைப் பற்றி அம்மாவுக்குத் தெரியாத ஒரு விஷயம் அன்றைக்கு எனக்குத் தெரியவந்தது. ("ஊருக்குச் சொல்லாதை அக்கா" என்று மேசைக்குக் கீழே காலை மிதித்தான்.)

இசபெல் எங்கள் தட்டுகளைப் பார்த்தார். அவர் முகம் சுருங்கிப் போயிற்று. தன் சமையல் எங்களுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துவிட்டார். மதுராவுக்கு இருந்த ஒரேயொரு வீட்டையும் கெடுத்துவிட்டேன் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது.

அந்த நேரம் கதிரை ஒன்று கிறீச்சிட்டது. மதுரா எழும்பி நின்றாள். காதுவரை சிவந்து, கண் நிரம்பி, என்னைக் காட்டி, இவரைக் காட்டி, தட்டைக் காட்டி, பிரெஞ்சில் கொட்டத் தொடங்கினாள். மழை மாதிரி. ஒரு இடத்தில்கூடத் தடங்கவில்லை. ஒரு சொல்கூட எங்களுக்கு விளங்கவில்லை. நானும் இவரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம்.

முதலில் மார்க்கின் தோள் குலுங்கியது. பிறகு இசபெல் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு சிரித்தார். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, மதுரா கொட்டியதைத் தட்டித் தடவி ஆங்கிலத்தில் எங்களுக்குச் சொன்னார். எங்கள் ஆட்களுக்கு இரண்டு மணி என்றால் குளிக்கப் போகிற நேரமாம். சாப்பாடு தராமல் எங்களை எழுப்ப முடியாதாம். போகச் சொன்னாலும் அது சும்மா மரியாதைக்கு என்று நினைப்போமாம். மாடு சாப்பிட மாட்டோமாம், மாமா மட்டும் சாப்பிடுவாராம். தான் மத்தியானத்திலிருந்து சப்பாத்தோடு காத்திருந்தாளாம், ஒருவரும் கேட்கவில்லையாம்.

கடைசி வசனத்தைச் சொல்லும்போது இசபெல் சிரிக்கவில்லை. நான் அழுதுவிட்டேன். வெட்கத்தில் பாதி, சந்தோஷத்தில் பாதி. என் பிள்ளை ஊமையில்லை! எங்களைத் திட்டுவதற்காக என்றாலும் வாயைத் திறந்துவிட்டாளே!

இசபெல் முட்டை பொரித்துத் தந்தார். மிஞ்சியிருந்த ஒரு துண்டுக் கேக்கில் மார்க் மறுபடி மெழுகுதிரி கொளுத்த, சோஃபி மயில்நீலப் பாவாடையில் இரண்டாம் முறை ஊதி அணைத்தாள். அதை மதுரா பார்த்தாள். ரவி படம் பிடித்தான். மேலங்கியோடு நாங்கள் சோஃபாவில் இருக்கும் அந்தக் காட்சி, உறவினர் யார் வந்தாலும் எங்கள் வீட்டில் இன்றும் ஓடும். கிறிஸ்மஸுக்கு முன் ஆசிரியை மறுபடி கூப்பிட்டார். மதுரா வகுப்பில் அளவுக்கு மீறிக் கதைக்கிறாள் என்று முறைப்பாடு.

அன்றோடு நான் திருந்தினேன். சொன்ன நேரத்துக்கு முன்னதாகவே போய் நிற்கிற வியாதி எனக்குத் தொற்றிவிட்டது. தமிழ் விழாக்களில் இப்போதும் பலூன் ஊதுகிறேன்.

போன மாதம் சோஃபியின் மகனுக்கு முதலாவது பிறந்தநாள். இரண்டு மணி தொடக்கம் நாலு மணி வரை. மத்தியானமே நான் சேலை உடுத்து, சப்பாத்தும் போட்டு, வாசல் கதவடியில் ஒரு கதிரையில் இருந்துவிட்டேன். காரில் கூட்டிப்போக வேண்டிய மதுரா இன்னும் குளியலறையில்.

"பிள்ளை, போவமா? ரெண்டு மணிக்கு எண்டு போட்டிருக்கு!"

தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலால் பதில் வந்தது.

"பொறுங்கோ அம்மா. ரெண்டு மணி எண்டால் ஆர் ரெண்டு மணிக்குப் போறது?"