லேப்டாப்புக்கு கிரீஸ் வைத்தவள்

கடலோரத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. திறந்து கிடக்கிற இரும்பைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. கதவுக் கீல், சைக்கிள் செயின், தையல் மிஷின், எதுவானாலும் ஒரு விரல் கிரீஸ் எடுத்து அப்பினால்தான் நிம்மதி. உப்புக்காற்று அப்படி. திருவொற்றியூரில் புது ஜன்னல் கம்பி வைத்தால் ஆறே மாதத்தில் அது பழைய ஜன்னல் கம்பி. இந்த வியாதி எனக்கு கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் நான்காம் வருஷம் வரைக்கும் குணமாகவில்லை என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்.

என் லேப்டாப் மூன்று கை மாறி வந்தது. (மடியில் வைத்தால் கால் மரத்துப்போகும், அவ்வளவு கனம்.) அதைச் செய்த கம்பெனிக்குத் தன்மேல் ரொம்ப மரியாதை போல. ஊரில் கிடைக்கிற ஒயர் எதுவும் அதில் நுழையாது. பக்கவாட்டில் ஒரு விரல் நீளத்துக்கு ஒரு போர்ட், உள்ளே சீப்புப் பல் மாதிரி பொடி ஊசிகள். அந்தக் கம்பெனியே விற்கிற கறுப்புப் பெட்டி ஒன்றை அதில் சொருகி, பெட்டியில் புரொஜெக்டர் ஒயரைச் சொருகினால்தான் படம் திரைக்குப் போகும். பெட்டி தொலைந்தால் வேறு கிடைக்காது என்று பயந்து அதை பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தேன். போர்ட்டுக்குத்தான் மூடியே கிடையாது.

என் புராஜெக்ட் உண்மையில் நைனாவுடையது. (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.) அவர் காசிமேட்டில் விசைப்படகு டிரைவர். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே எந்தப் பாகத்துக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுவார். அந்த வித்தையைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் என் புராஜெக்ட். லேப்டாப்பைப் படகு படகாகத் தூக்கிக்கொண்டு போய்ச் சத்தம் பதிவு செய்தேன். அப்புறம் மெக்கானிக் பிரித்துப் பார்த்து என்ன கோளாறு என்று சொன்னதை ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். ஒரு கம்பெனியின் வேலைக் கடிதம் ஏற்கெனவே கையில் இருந்தது, ஆனால் புராஜெக்டில் தேறினால்தான் அது செல்லும். வீட்டில் பட்டம் வாங்கப்போகிற முதல் ஆள் நான். நைனா தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

புராஜெக்ட் தேர்வுக்கு முதல் நாள் சாயங்காலம் அந்தப் போர்ட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். ஊசிகளில் லேசாகப் பச்சை பூத்திருந்தது. படகு பாட்டரியின் முனையில் பூக்குமே, அதே பச்சை. படகு பாட்டரிக்கு என்ன செய்வோம்? நைனாவின் கிரீஸ் டப்பாவை எடுத்தேன்.

"இதுக்குப் போயி கிரீஸ் வெப்பாங்களா கண்ணு? இது இஞ்சின் இல்லியே" என்றார் நைனா.

ஏழாவது வரை படித்த மனுஷன் தயங்கினார். நாலு வருஷம் இன்ஜினியரிங் படித்தவள் தயங்கவில்லை. இரும்பென்றால் எல்லாம் இரும்புதான் என்று அவருக்கு ஒரு சின்ன வகுப்பே எடுத்துவிட்டு, தீக்குச்சியால் இண்டு இடுக்கு விடாமல் அடைத்தேன். மேலே விரலால் வழித்து மழமழவென்று ஆக்கினேன். பார்க்க அழகாகவே இருந்தது.

மறுநாள் வெளிக் கல்லூரியிலிருந்து வந்த தேர்வாளர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. சிரித்துப் பழக்கமில்லாத முகம். நான் பெட்டியைச் சொருகினேன். பாதி போய் நின்றுவிட்டது. படகையே தள்ளுகிற குடும்பம், விடுவேனா? உடம்பைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளினேன். இரண்டு பக்கமும் கிரீஸ் புழுப்புழுவாக வெளியே வந்தது. உள்ளே ஏதோ ஒன்று டிக்கென்று மடங்கியது. திரை நீலமாகவே நின்றது.

(வேறு லேப்டாப்பில் போடலாமே என்கிறீர்களா? அன்றைக்கு எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள். தேவையானதை எல்லாம் வேறொன்றில் ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும். எனக்குக் கொடுத்தது கால் மணி நேரம்.)

தேர்வாளர் உதவிக்கு வந்தார், பாவம். அவர் இழுத்த இழுப்பில் பெட்டி சட்டென்று கழன்று, வெள்ளைச் சட்டையில் மார்பிலிருந்து வயிறு வரை ஒரு கறுப்புக் கோடு போட்டது. அவர் விரலை மோந்து பார்த்தார்.

"என்னம்மா இது?"

"கிரீஸ் சார்."

"எதுக்கு?"

"துருப் பிடிக்காம இருக்க, சார்."

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குக் காது அடைத்துப்போனது. வேலை போச்சு, தெருவில் நைனா தலைகாட்ட முடியாது, இரண்டும்தான் மனசில் ஓடின.

அவர் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். சத்தமாவது வருமா என்று கேட்டார். வரும் என்றேன். சத்தங்களைக் கலைத்துப் போடுவதாகவும், கம்ப்யூட்டர் சொல்வதை அவர் பார்த்துக்கொள்வதாகவும், நான் காதால் கேட்டே சொல்ல வேண்டும் என்றும் சொன்னார்.

நாலு சத்தத்துக்கும் நானும் கம்ப்யூட்டரும் ஒரே பதில். ஐந்தாவதுக்கு அது பேரிங் தேய்ந்துவிட்டது என்கிறது என்றார் அவர். நான் கண்ணை மூடிக் கேட்டேன். கீச்சென்று ஆரம்பித்து உடனே அடங்குகிற அந்தச் சத்தத்தைச் சின்ன வயசிலிருந்தே எனக்குத் தெரியும்.

"இல்ல சார். கம்ப்யூட்டர் தப்பாச் சொல்லுது. தண்ணிக்குள்ள விசிறியைச் சுத்துற ஷாஃப்ட்ல கிரீஸ் வத்திப்போச்சு."

அவர் என் நோட்டைப் புரட்டி அந்தப் படகின் பக்கத்தைப் படித்தார். மெக்கானிக் சொன்னதும் அதே ஷாஃப்ட்தான். பிறகு குனிந்து தன் சட்டையைப் பார்த்தார்.

"வத்தாம என்ன செய்யும்? அதுக்கு வைக்க வேண்டியதையெல்லாம் நீ இதுக்கு வெச்சுட்டியேம்மா" என்றார். முதல் தடவையாகச் சிரித்தார். உன் கம்ப்யூட்டர் எங்கே தப்புச் செய்யும் என்று உனக்கே தெரிந்திருக்கிறது, அதையும் அறிக்கையில் எழுது என்று சொல்லி மதிப்பெண் போட்டார். தேறிவிட்டேன்.

வீட்டில் நைனா கிரீஸ் கதைக்கு அன்றைக்குச் சிரிக்கவே இல்லை. "அஞ்சாவது சத்தம் நீயா கண்டுபுட்ச்சே?" என்று மூன்று தடவை கேட்டார். மறுநாளிலிருந்து சேர்த்துவைத்துச் சிரித்தார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாருடைய போன் ரிப்பேரானாலும் முதல் கேள்வி, கிரீஸ் வைத்தாயா என்பதுதான்.

என் கல்யாணத்தில் சீர்வரிசைத் தட்டுகள் வரிசையாக வந்தன. பழத்தட்டு, புடவைத்தட்டு, அதற்கடுத்த தட்டில் மஞ்சள் குங்குமம் வைத்த புது கிரீஸ் டப்பா. நைனாவின் படகு ஆட்கள் வேலை. எனக்கு மேடையிலேயே மானம் போனது. மாமியார் மூடியைத் திறந்து மோந்து பார்த்து, இது என்ன பழக்கம் என்று கேட்டார்.

நைனா பட்டு வேட்டியை இறுக்கிக்கொண்டு, சட்டையில் விழுந்த கோடு முதல் ஐந்தாவது சத்தம் வரை முழுக் கதையையும் சொன்னார். மண்டபம் சிரித்து ஓய்ந்தது. அப்புறம் யாரும் கேட்காமலே என்னைக் காட்டிச் சொன்னார்:

"கம்ப்யூட்டர் படிப்பெல்லாம் அவுளுதுங்க. அந்தக் காது மட்டும் என்னுது."